ஆறு பேர், எண்பது நாற்காலி, நான்கு விளக்கு: எந்தப் புது நாடகத்தைப் போடலாம்?

கோவையில் ஒரு மாடி ஹால், எண்பது பிளாஸ்டிக் நாற்காலி, நான்கு விளக்கு, நடிக்க ஆறு பேர். டெண்டுல்கரின் ‘அமைதி, நீதிமன்றம் நடந்துகொண்டிருக்கிறது’ போட்டாயிற்று, பாதல் சர்க்காரின் ‘ஏவம் இந்திரஜித்’ போட்டாயிற்று, செகாவின் ஓரங்க நாடகங்கள் இரண்டும் ஆயிற்று. இனி இன்று எழுதிக்கொண்டிருப்பவர்களின் நாடகங்களைத் தமிழாக்கிப் போட ஆசை, எதில் தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சமீபத்தில் வந்த நல்ல நாடகங்கள் எவை என்று மட்டும் தெரியவேண்டுமானால் விருதுப் பட்டியலே போதும், அதை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள். அந்த நாடகங்களில் எது ஆறு பேரின் தோளில் நிற்கும், லண்டனிலும் நியூயார்க்கிலும் மேடையேறிய ஒன்று நம் ஹாலில் நம் மொழியில் பேசினால் உயிரோடு இருக்குமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இருபது வருஷத்துக்கு மேலாகச் சிறு குழுக்களோடு இருக்கிறேன். நடித்தது குறைவு, ஒத்திகைக்காக மொழிபெயர்த்ததும் ஸ்கிரிப்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்ததும்தான் அதிகம். கீழே சொல்லும் நாடகங்களில் பெரும்பாலானவற்றைப் பிரதியாகத்தான் படித்திருக்கிறேன், சிலவற்றைக் குழுவில் வாய்விட்டு வாசித்திருக்கிறோம். மராத்தியோ கன்னடமோ மலையாளமோ நேராகப் படிக்க வராது, அதனால் என் சிபாரிசு ஆங்கிலத்தின் பக்கம் சாய்ந்திருக்கும். யார் எழுதியது, எப்போது மேடையேறியது என்பதெல்லாம் உறுதியானவை. தமிழில் எடுபடும், எடுபடாது என்று சொல்வதெல்லாம் என் அனுபவத்தில் வந்த ஊகம். இரண்டையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

நாடகம் தேர்ந்தெடுக்கும்போது நான் கருப்பொருளைக் கடைசியில்தான் பார்ப்பேன். நல்ல கருப்பொருள் கொண்ட எத்தனையோ நாடகங்கள் மேடையில் இரண்டு பேர் சோபாவில் உட்கார்ந்து கட்டுரை படிப்பதுபோல் போய் முடிந்திருக்கின்றன. ஸ்கிரிப்டை மூடிவைத்துவிட்டு, இதைக் குறும்படமாக எடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டுக்கொள்வேன். எதுவும் கெட்டுப்போகாது என்றால் அதை விட்டுவிடுவேன். ஒரே அறையில் ஆட்கள் ஆட்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மட்டுமே நடக்கக்கூடிய ஒரு காரியம் அந்த நாடகத்துக்குள் இருக்கவேண்டும். காசில்லாத குழுவுக்கு இது இன்னும் முக்கியம். செட்டிலும் லைட்டிலும் நம்மால் ஈடுகட்ட முடியாததை அந்த ஒரு காரியம் தூக்கிக்கொண்டு போய்விடும்.

அப்படிப் பார்த்தால் என் முதல் சிபாரிசு சனாஸ் தூசி எழுதிய ‘இங்கிலீஷ்’. ஈரானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர் அவர். 2022-இல் நியூயார்க்கில் மேடையேறி 2023-இல் நாடகத்துக்கான புலிட்சர் விருது வாங்கியது. இடம் ஈரானில் டெஹ்ரானுக்குப் பக்கத்தில் கராஜ் என்ற ஊர், வருஷம் 2008, வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வான டோஃபெலுக்கு ஒரு வகுப்பறை. ஒரு டீச்சர், நான்கு மாணவர்கள், மொத்தம் ஐந்தே பேர். பலகை, மேசை, நாற்காலி தவிர எதுவும் வேண்டாம். டீச்சர் மர்ஜான் ஒன்பது வருஷம் மான்செஸ்டரில் இருந்து திரும்பியவள், அங்கே அவள் பெயர் மேரி. வகுப்பில் ஆங்கிலம் மட்டும்தான் பேசவேண்டும் என்பது அவளுடைய சட்டம். மாணவி எல்ஹாமுக்கு ஆஸ்திரேலியாவில் மருத்துவம் படிக்கவேண்டும், மூளை நிறைய இருக்கிறது, நாக்கு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. ரோயா என்ற வயதான பெண்ணுக்குக் கனடாவில் இருக்கும் பேத்தியோடு பேசவேண்டும், மகன் தன் பெயரையே மாற்றிக்கொண்டுவிட்டான், அவனுக்குக் குரல்செய்தி விட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இதில் மேடையால் மட்டுமே முடிகிற காரியம் இதுதான்: பாத்திரங்கள் பாரசீகம் பேசும்போது நடிகர்கள் சரளமான, இயல்பான ஆங்கிலம் பேசுகிறார்கள். அதே பாத்திரங்கள் ஆங்கிலம் பேசும்போது தடுமாறி, உச்சரிப்போடு, சொல் தேடிச் சொல் தேடிப் பேசுகிறார்கள். ஒரு விநாடி முன்னால் நக்கலும் கோபமுமாக இருந்த பெண், வகுப்பு தொடங்கியதும் கண்ணெதிரே குழந்தையாகச் சுருங்கிவிடுகிறாள். இன்னொரு மொழிக்குள் போகும்போது மனிதர் எதைத் தொலைக்கிறார் என்பதை எந்த வசனமும் சொல்லவேண்டியதே இல்லை, காதுக்கே கேட்டுவிடுகிறது.

இதைத் தமிழில் எப்படிச் செய்வது? நாங்கள் ஒரு ட்யூஷன் சென்டரின் மேல்மாடியில், மாலை வகுப்பு முடிந்த பிறகு, இரண்டு காட்சிகளை இரண்டு விதமாக வாசித்துப் பார்த்தோம். முதல் தடவை, பாரசீகத்துக்குப் பதில் நம் பேச்சுத்தமிழ், ஆங்கிலத்துக்கு நிஜமாகவே தப்புத்தப்பான ஆங்கிலம். வாசிப்பைக் கேட்க வந்திருந்த பதினைந்து பேரும் சிரித்தார்கள். நடிகர்கள்மேல் தப்பில்லை. தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசினால் சிரிப்பதற்கு நம் காதை நம் சினிமா எப்போதோ பழக்கிவைத்திருக்கிறது. அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் எல்ஹாம் அவமானப்படும் இடத்திலும் அதே சிரிப்புத்தான் வரும், நாடகம் அங்கேயே முடிந்துபோகும். இரண்டாவது தடவை ஆங்கிலத்தை எடுத்துவிட்டு, அந்த இடங்களில் எழுத்துத்தமிழ் மாதிரி ஒன்றைப் பேசவைத்தோம், இலக்கணம் மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகம்போல், ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு மூச்சு. ‘நான்... மருத்துவராக... ஆக விரும்புகிறேன்’ என்று எல்ஹாமாக வாசித்த பெண் நிறுத்தி நிறுத்திச் சொன்னபோது, ஒரு நிமிஷம் முன்பு கடகடவென்று சண்டைபோட்ட அதே குரல்தானா இது என்று அறையே சும்மா இருந்தது. அவள் அப்போது டோஃபெல் போன்ற இன்னொரு ஆங்கிலத் தேர்வான ஐஇஎல்டிஎஸ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாசித்து முடித்ததும் ‘அங்கே நான் இப்படித்தாண்ணா இருக்கேன்’ என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை.

ஆனால் இந்த உத்தி காதுக்குப் பிடிபடப் பத்து நிமிஷமாவது ஆயிற்று. வாசிப்புக்கு வந்த பதினைந்து பேர் பொறுத்துக்கொண்டார்கள், டிக்கெட் வாங்கி வந்த எண்பது பேர் பொறுப்பார்களா என்பது சந்தேகம்தான். இன்னொரு சிக்கல், நம் பேச்சுத்தமிழில் ஏற்கெனவே பாதி ஆங்கிலம் கலந்திருக்கிறது. பஸ், டைம், சாரி, டென்ஷன் இவற்றையெல்லாம் எந்தப் பக்கம் வைப்பது? தாய்மொழிப் பகுதியில் விட்டால் இரண்டு மொழிக்கும் இடையே உள்ள சுவர் மெலிந்துபோகிறது, எடுத்துவிட்டால் பேச்சு பொய்யாகிறது. நாங்கள் எடுக்காமலே விட்டோம், அதுதான் சரி என்று இன்றும் நினைக்கிறேன். கராஜைத் தூக்கிவிட்டுக் கோவைக் காந்திபுரத்து ஐஇஎல்டிஎஸ் வகுப்பாக மாற்றிவிடலாமே என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். ஆசிரியரின் அனுமதியில்லாமல் செய்யக்கூடாது என்பது ஒரு பக்கம். ஈரானியர்களுக்கு விசா என்றால் என்ன, ஊரைவிட்டுப் போவது என்றால் என்ன என்ற பாரம் நாடகம் முழுக்க இருக்கிறது, இடம் மாறினால் அது நம்மிடம் வேறொன்றாகக் குறைந்துவிடும். கராஜிலேயே இருக்கட்டும், பார்ப்பவர்கள் காந்திபுரத்தைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

அடுத்தது, நம் ஊரிலேயே பிறந்து ஆங்கிலத்தில் இருப்பது. சென்னையில் வாழும் அனுபமா சந்திரசேகரின் ‘ஃப்ரீ அவுட்கோயிங்’. 2007-இல் லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் மேடையேறியது, இந்து ரூபசிங்கம் இயக்கினார். கணவனை இழந்த மாலினி, அவளுடைய இரண்டு பிள்ளைகள். படிப்பில் கெட்டிக்காரியான பதினைந்து வயது மகள் தீபாவும் ஒரு பையனும் வகுப்பறையில் நெருக்கமாக இருந்ததை அந்தப் பையன் போனில் படம்பிடிக்க, அது ஊரெல்லாம் பரவிவிடுகிறது. பள்ளி, அக்கம்பக்கம், பத்திரிகை, டிவி எல்லாம் ஒவ்வொன்றாக அந்த வீட்டை நெருக்குகின்றன. தீபா மட்டும் நாடகம் முடியும்வரை மேடைக்கு வருவதே இல்லை. ஊரே அவளைப் பார்த்துவிட்டது, நாம் ஒரு தடவைகூடப் பார்க்கமாட்டோம். சினிமாவில் இதைச் செய்தால் கேமரா எதையோ ஒளித்துவைக்கிறது என்று தோன்றும். மேடையில் அவள் அந்த மூடிய கதவுக்குப் பின்னால் நிஜமாகவே இருக்கிறாள் என்று நமக்குப் படும், ஹாலில் இருக்கும் அத்தனை கண்ணும் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். பார்க்கவேண்டும் என்ற அந்த ஆவல் தங்களுக்குள்ளும் இருக்கிறது என்று பார்வையாளர்கள் உணர்ந்துகொள்கிற நாடகம் இது.

இதை மொழிபெயர்ப்பு என்று சொல்வதைவிட, வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிவருவது என்று சொல்லலாம். மாலினியும் பள்ளித் தலைமையாசிரியரும் ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழ்ப்படுத்தும்போது ஜாதி, தெரு, வர்க்கம் எல்லாம் தானாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும், யார் யாரை ‘வாங்க’ என்கிறார்கள், யார் ‘வா’ என்கிறார்கள் என்பதிலேயே பாதி நாடகம் இருக்கும். ஒரே ஒரு வேண்டுகோள்: வாட்ஸ்அப், இன்ஸ்டா என்று காலத்தை மாற்றாதீர்கள். போனுக்குப் போன் படம் அனுப்பிய அந்த எம்எம்எஸ் காலத்து மெதுவான பரவலில் ஒரு தாய்க்கு இன்னும் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை மிச்சமிருக்கிறது, அந்த நம்பிக்கைதான் அவளை ஓடவைக்கிறது. ஒன்றிரண்டு பேர் இரட்டை வேடம் போடவேண்டியிருக்கும், சமாளிக்கலாம். இதே ஆசிரியரின் ‘தி ஃபாதர் அண்ட் தி அசாசின்’ 2022-இல் லண்டன் நேஷனல் தியேட்டரின் பெரிய மேடையில் போடப்பட்டது, கோட்சே நேராகப் பார்வையாளரிடம் பேசிக் கதை சொல்லும் நாடகம். படியுங்கள், அவசியம் படியுங்கள், ஆனால் ஆட்கள் கூட்டம் நிறைய வேண்டும், ஆறு பேரால் ஆகாது.

உங்களில் ஒருவர் மட்டும் நன்றாகப் பேசக்கூடியவராக இருந்தால் டங்கன் மேக்மில்லன் எழுதிய ‘எவ்ரி ப்ரில்லியன்ட் திங்’ இருக்கிறது. முதன்முதலில் நடித்த ஜானி டொனஹோவும் எழுத்தில் சேர்ந்திருக்கிறார். இங்கிலாந்தில் 2013-இல் தொடங்கியது, எத்தனையோ நாடுகளில் போட்டுவிட்டார்கள். ஏழு வயதுக் குழந்தை, அம்மா உயிரைவிட முயன்று ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அம்மாவுக்காகக் குழந்தை ஒரு பட்டியல் எழுதத் தொடங்குகிறது, வாழ்வதற்குக் காரணமாக இருக்கும் நல்ல விஷயங்களின் பட்டியல், முதலாவது ஐஸ்கிரீம். நாடகம் தொடங்குமுன்பே நடிகர் பார்வையாளர்களிடம் எண் போட்ட சீட்டுகளைக் கொடுத்துவிடுவார். எண்ணைச் சொன்னதும் அந்தச் சீட்டு வைத்திருப்பவர் உரக்கப் படிக்கவேண்டும். அப்பாவாக, கால்நடை மருத்துவராக, காதலியாகப் பார்வையாளர்களே வந்து நிற்பார்கள். விளக்கை அணைக்கவே வேண்டாம், உங்கள் ஹாலுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். நம் ஆட்கள் கூச்சப்படுவார்கள், வாய் திறக்கமாட்டார்கள் என்று பயப்படவேண்டாம், கதாகாலட்சேபத்திலும் பட்டிமன்றத்திலும் கூடவே சேர்ந்துகொண்ட கூட்டம்தான் இது. நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. வந்திருப்பவர்களில் யாருக்கு வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாது. உள்ளே வருமுன் இது தற்கொலையைப் பற்றிப் பேசும் நாடகம் என்று வாசலில் எழுதிவையுங்கள், ஒரு மனநல ஆலோசகரை அன்று கூட இருக்கச் சொல்லுங்கள், முடிந்ததும் ஹாலை உடனே பூட்டாமல் அரைமணி நேரம் திறந்துவையுங்கள். தற்கொலையைப் பற்றி எப்படிப் பேசவேண்டும், எப்படிப் பேசக்கூடாது என்பதற்கு நாடகத்துக்குள்ளேயே ஒரு பகுதி இருக்கிறது, நீளம் கருதி அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அதே மேக்மில்லனின் ‘லங்ஸ்’, 2011, ஒரு ஆண், ஒரு பெண், அவ்வளவுதான். செட் கூடாது, நாற்காலிகூடக் கூடாது, லைட்டை வைத்துக் காலத்தை மாற்றக்கூடாது என்று பிரதியிலேயே எழுதியிருக்கிறார். பூமி இருக்கும் நிலையில் குழந்தை பெறலாமா என்ற கேள்வியில் தொடங்கி, ஒரு குழந்தை வாழ்ந்து வெளியேற்றும் கரியமில வாயு ஈஃபிள் கோபுரத்தின் எடை என்று அவள் கணக்குப் போடுவதைத் தாண்டி, ஒரு வாழ்நாளே ஓடிவிடும், நடுவில் ஒரு இடைவெளிகூட இல்லாமல். நடிகர்களுக்குப் பெரிய பயிற்சி. ஆனால் குழந்தை வேண்டுமா என்பதை இரண்டு பேர் மட்டும் தனியாக முடிவுசெய்வது நம் வீடுகளில் எங்கே நடக்கிறது? மாமியார் இல்லாத அந்த உரையாடல் இங்கே பாதி உண்மையாகத்தான் படும் என்பது என் சந்தேகம்.

ஈரானின் நசீம் சுலைமான்பூர் எழுதிய ‘ஒயிட் ராபிட் ரெட் ராபிட்’டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம், 2011-இல் வெளிவந்தது. கட்டாய ராணுவச் சேவைக்குப் போக மறுத்ததால் பாஸ்போர்ட் கிடைக்காமல், தான் போகமுடியாத ஊர்களுக்கெல்லாம் தன் நாடகத்தை அனுப்பினார். இயக்குநர் கிடையாது, ஒத்திகை கிடையாது. மேடையில் நிற்கும்போதுதான் நடிகர் உறையைப் பிரித்து ஸ்கிரிப்டை முதல்முறையாகப் பார்ப்பார், ஒரு நடிகர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நடிக்கலாம். உங்கள் ஆறு பேருக்கும் ஆறு நாள். ஆனால் மொழிபெயர்ப்பவர் ஏழாவது ஆளாக, நடிக்கவே போகாதவராக இருக்கவேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று நான் எழுதினால் உங்கள் ஒருவரின் வாய்ப்பைக் கெடுத்தவனாவேன்.

காரில் சர்ச்சில் 1938-இல் பிறந்தவர், ஆனாலும் புதுசு என்றால் அவரைத்தான் சொல்லவேண்டும், இளையவர்கள் பலரும் அவர் திறந்துவிட்ட கதவு வழியாகத்தான் வந்திருக்கிறார்கள். உங்கள் குழுவுக்கு இரண்டு. ‘எ நம்பர்’, 2002, ஒரு அப்பா, குளோனிங்கில் பிறந்த மகன்கள், மூன்று மகன்களையும் ஒரே நடிகர் நடிக்கவேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ‘லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்’, 2012, ஐம்பதுக்கு மேல் குட்டிக் குட்டிக் காட்சிகள், நூற்றுக்கு மேல் பாத்திரங்கள், சில காட்சிகள் நாலே வரி. வசனத்துக்கு முன்னால் யார் பேசுகிறார் என்ற பெயரே இருக்காது. ஒரு பகுதிக்குள் காட்சிகளை எந்த வரிசையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் பெயரில்லாமல் விட்ட வசனத்தைத் தமிழில் அப்படி விடமுடியாது என்பதைத் தொடங்கின அன்றே தெரிந்துகொள்வீர்கள். ‘யூ’ என்று எழுதியிருக்கும் இடத்தில் நீயா, நீங்களா என்று முடிவுசெய்தாக வேண்டும், ‘வந்தான்’ என்றோ ‘வந்தாள்’ என்றோ எழுதியாக வேண்டும். அவர் திறந்துவைத்ததை நாம் மொழியின் கட்டாயத்தால் மூடுகிறோம். நாங்கள் ஒத்திகையில் ஒரே காட்சிக்கு மூன்று பிரதி வைத்துக்கொண்டோம், அண்ணன் தங்கையாக ஒன்று, முதலாளி வேலைக்காரராக ஒன்று, கணவன் மனைவியாக ஒன்று. அதே ஆறு வரி மூன்று வேறு நாடகமாக நின்றது. புதிதாக வந்த நடிகர்களுக்கு நான் கொடுத்த பயிற்சிகளில் இதைவிடப் பயன்பட்டது வேறில்லை.

இப்போது எனக்கு மிகப் பிடித்த ஒன்று. ஆனி பேக்கரின் ‘தி ஃப்ளிக்’, 2013. மாசசூசெட்ஸில் ஒரு பழைய ஒற்றைத்திரை சினிமா தியேட்டர், 35 எம்எம் ப்ரொஜெக்டரை எடுத்துவிட்டு டிஜிட்டல் வரப்போகிறது. ஷோ முடிந்ததும் கூட்டிப் பெருக்கும் சாம், ஏவரி என்ற இரண்டு பேர், ப்ரொஜெக்டர் ஓட்டும் ரோஸ், நாலாவதாகச் சிறு வேடத்துக்கு ஒருவர். மேடையில் இருப்பது தியேட்டர் இருக்கைகள், நம்மைப் பார்த்தபடி. அதாவது நாம் திரை இருக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஏறக்குறைய மூன்று மணி நேரம், அதில் பெரும்பங்கு மௌனமும் பெருக்குவதும். நியூயார்க்கில் முதலில் போட்டபோது பலர் இடைவேளையில் எழுந்து போய்விட்டார்கள், அரங்கின் கலை இயக்குநர் ஏன் இந்த நாடகத்தைப் போட்டோம் என்று சந்தாதாரர்களுக்குக் கடிதமே எழுதினார். அடுத்த வருஷம் புலிட்சர் வந்தது. ஃபிலிம் பெட்டி வந்துவிட்டதா என்று தியேட்டர் வாசலில் நின்ற தலைமுறை நம்முடையது, அந்தப் பெட்டிகள் மறைந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள், நமக்கு இதை விளக்கவேண்டியதே இல்லை.

உங்கள் எண்பது நாற்காலியில் நாற்பதை மேடையில் போட்டுவிடுங்கள், பார்வையாளர்களைத் தரையில் ஜமக்காளத்தில் உட்காரவையுங்கள், செட் முடிந்தது. பெருக்குவதை நாங்கள் ஒத்திகையாகச் செய்து பார்த்தோம். இரண்டு பேர், இரண்டு விளக்குமாறு, ஒரு பை நிறையப் பொரி. இயக்குநர் எதுவும் சொல்லவில்லை, பெருக்குங்கள் என்றார், அவ்வளவுதான். முதல் நிமிஷம் இரண்டு பேரும் ‘பெருக்குவதுபோல’ நடித்தார்கள். இரண்டாவது நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நெளிந்தார்கள். நாலாவது நிமிஷம், ஒருவர் நாற்காலிக் காலுக்குப் பின்னால் மாட்டிய ஒற்றைப் பொரியை விளக்குமாற்று நுனியால் எடுக்கப் பார்த்தார், வரவில்லை, இன்னொருவர் தன் வரிசையை முடித்துவிட்டு அங்கேயே நின்று அவருக்காகக் காத்திருந்தார், ஒன்றும் பேசாமல். அந்தக் காத்திருப்பில் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன உறவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. முழு நாடகத்தையும் தமிழில் போட்டால் கூட்டம் உட்காருமா? பாதிப் பேர் எழுந்து போகலாம், இதில் நான் உங்களுக்கு உறுதி தரமாட்டேன். போட்டால் வெட்டாமல் போடுங்கள். மௌனத்தைக் குறைத்துவிட்டால் மிஞ்சுவது மூன்று பேர் சினிமா பேசிக்கொண்டிருப்பதுதான்.

குழுவில் அறுபது வயதுக்காரர்கள் இருக்கிறார்களா? இருந்தால் லூசி கிர்க்வுட்டின் ‘தி சில்ட்ரன்’, 2016, ராயல் கோர்ட். கடற்கரையோரம் ஒரு வீடு, ஓய்வுபெற்ற அணு விஞ்ஞானிகள் மூன்று பேர், பக்கத்து அணுமின் நிலையத்தில் விபத்து நடந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் கழித்து வீட்டுக்கு வரும் ரோஸ் எதற்காக வந்திருக்கிறாள் என்பதுதான் நாடகம். ஃபுகுஷிமாவுக்குப் பிறகு ஓய்வுபெற்ற முதியவர்கள், இளைஞர்களுக்குப் பதில் நாங்கள் உள்ளே போகிறோம் என்று முன்வந்ததை நினைத்துக்கொண்டு படியுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கத்தில் கடல்நீர் பம்ப் ஹவுஸுக்குள் புகுந்து உலையை நிறுத்திய மாநிலம் நம்முடையது, கூடங்குளம் அணு உலையை எதிர்த்துப் போராடிய இடிந்தகரையும் நம்முடையதுதான். மூத்த நடிகர்களுக்குத் தாத்தா, அப்பா வேடமே கொடுத்துப் பழகிவிட்டோம். இதில் அவர்களுக்கு ஆசையும் பொறாமையும் நடனமும்கூட இருக்கிறது.

ஆறு பேரால் முடியாதது என்றாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்கமுடியாது. ஆஸ்திரேலியாவில் வாழும் எஸ். சக்திதரனின் ‘கவுன்ட்டிங் அண்ட் க்ராக்கிங்’, 2019-இல் சிட்னி டவுன் ஹாலில் மேடையேறியது, பதினாறு நடிகர்கள், மூன்றரை மணி நேரம், ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பத்தின் நான்கு தலைமுறை. 2004-இல் சிட்னியில் ராதா தன் தாயின் அஸ்தியை மகன் சித்தார்த்தனோடு ஆற்றில் கரைக்கிறாள், அங்கிருந்து 1956-இன் சிங்களம் மட்டும் சட்டத்துக்கும் 1983 கலவரத்துக்கும் கொழும்பு வீட்டுக்குள்ளேயே போய்வருகிறது. நடிகர்கள் தமிழிலும் சிங்களத்திலும் பேச, மேடையில் இன்னொரு நடிகர் பக்கத்தில் நின்று அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். தமிழ்நாட்டு மேடையில் இது தலைகீழாகும், தமிழ் நேராக வந்துவிடும், சிங்களத்துக்கு மட்டும் ஒருவர் பக்கத்தில் நின்று தமிழ் சொல்லவேண்டிவரும். அதற்காகவே இதை இங்கே பார்க்க ஆசைப்படுகிறேன். கோவையில் இன்னும் இரண்டு மூன்று குழுக்கள் இருக்குமே, சேர்ந்து ஒரு ஞாயிறு முழுக்க வாசிப்பாகவாவது வையுங்கள். ஒரு எச்சரிக்கை: யாழ்ப்பாண, கொழும்புத் தமிழைக் கோவைக்காரர்கள் பாவனை செய்யவேண்டாம், இங்கே வாழும் ஈழத்தமிழர்களைக் கூப்பிட்டுப் பேசவையுங்கள்.

தமிழிலேயே எழுதப்படும் நாடகங்களை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். இருக்கின்றன. மணல்மகுடி நாடகக் குழுவின் ச. முருகபூபதி எழுதி இயக்கிய ‘மிருகவிதூஷகம்’, ‘குகைமரவாசிகள்’ போன்றவை இன்றைய தமிழ் மேடையின் மிக அசலான வேலை. ஆனால் அவை அந்த நடிகர்களின் உடம்போடும் பல மாதப் பயிற்சியோடும் சேர்ந்து முளைத்தவை, ஸ்கிரிப்டை வாங்கி இன்னொரு குழு போடுவதற்கானவையாக எனக்குத் தோன்றவில்லை. அவற்றைப் போய்ப் பார்ப்பதுதான் வழி.

கடைசியாக அனுமதி. எங்கள் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாடகத்தை நான்கு மாதம் உட்கார்ந்து முழுக்க மொழிபெயர்த்து, மனப்பாடமும் செய்துவிட்டு, அதன்பிறகுதான் உரிமை கேட்டுக் கடிதம் போட்டோம். அந்த நாடகத்தின் இந்திய உரிமை வேறொருவரிடம் இருக்கிறது, இப்போதைக்குத் தரமுடியாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அழுதுகொண்டு மூடிவைத்தோம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து அறுபது வருஷம்வரை உரிமை அவர் பக்கம்தான், இங்கே சொன்னவர்கள் எல்லோரும் நம் காலத்தவர்கள். புத்தகத்தின் பதிப்புரிமைப் பக்கத்திலேயே யாருக்கு எழுதவேண்டும் என்று அச்சிட்டிருக்கும். சர்ச்சில், கிர்க்வுட், அனுபமா சந்திரசேகர் ஆகியோரின் நாடகங்களை லண்டன் நிக் ஹெர்ன் புக்ஸ் வெளியிட்டிருக்கிறது. மேடையேற்றும் உரிமை வேறு, மொழிபெயர்ப்பு உரிமை வேறு, இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். எத்தனை நாற்காலி, டிக்கெட் எவ்வளவு, எத்தனை காட்சி என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். எண்பது நாற்காலி என்று எழுத வெட்கப்படவேண்டாம், கட்டணத்தை முடிவுசெய்யும்போது அதைத்தான் பார்ப்பார்கள். பதில் வர மாதக்கணக்கில் ஆகலாம்.

அதனால் இந்த வாரமே ‘இங்கிலீஷ்’, ‘ஃப்ரீ அவுட்கோயிங்’ இரண்டுக்கும் கடிதம் போட்டுவிடுங்கள். பதில் வரும்வரை உங்களுக்குள்ளேயே, கதவை மூடிக்கொண்டு, ‘இங்கிலீஷ்’ஷின் முதல் காட்சியை இரண்டு விதமாகவும் வாசித்துப் பாருங்கள். எல்ஹாமை யார் வாசிப்பது என்று முன்கூட்டியே முடிவுசெய்யாமல் ஆளுக்கு ஒரு தடவை வாசியுங்கள், வயதானவர், ஆண் என்று பார்க்காமல். யாருக்கு அந்தத் தடுமாற்றம் நடிக்காமலே வருகிறது என்று அப்போது தெரியும்.